ஏழாவது படத்தில் ஆறு காப்பு

இப்படியான கதைகளை இருபத்திரண்டு வருடங்களாகக் குப்பைக்கூடையில் போட்டு வந்தவன் நான். யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் வேலை. முதலில் படப்பிடிப்பாளன், பிறகு செய்தியாளன், இப்போது மேசையில் இருந்து மற்றவர்கள் எழுதுவதை வெட்டுபவன். புளியமரத்தடியில் வெள்ளைச் சேலை, பாழ்வீட்டில் கொலுசுச் சத்தம் என்று வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். யார் பார்த்தது, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில் இருந்து என்று மூன்று கேள்வி கேட்பேன். மூன்றாவதுக்கு வருமுன்னரே கதை விழுந்துவிடும். ஆகவே இதை வாசித்துவிட்டு நீங்கள் நம்பாமல் விட்டால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனால் அந்த மூன்று கேள்விக்கும் இப்போது என்னிடமே பதில் இருக்கிறது. பார்த்தது நான், காலை ஒன்பது மணி, எட்டடித் தூரம். இதைச் சொல்லப் பயமில்லை. வெட்கம்தான் இவ்வளவு நாளும் வாயைக் கட்டி வைத்திருந்தது.

போன ஆவணியில் என் அக்காவின் கணவர் கனடாவில் இருந்து வந்தபோது ஒரு கமரா கொண்டுவந்தார். அகலப் பிலிம் போடுகிற பழைய பெட்டிக் கமரா, மீடியம் போமற் என்பார்கள். அங்கே யாரோ ஒரு கிழவர் வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கியதாம். அதன் முகத்தில் மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ். மேலே இருப்பது நாம் பார்ப்பதற்கு, கீழே இருப்பது படம் விழுவதற்கு.

"இதுக்குள்ளை பன்ரண்டு படம்தான் விழும். உன்ரை போன் மாதிரிச் சுட்டுத் தள்ளாதை," என்று சொல்லிவிட்டு, மூன்று சுருள் கறுப்பு வெள்ளைப் பிலிமும் கழுவுகிற மருந்துத் தூளும் தந்துவிட்டு அத்தான் விமானம் ஏறிவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிலிமில் எடுத்து, அலுவலக இருட்டறையில் நானே கழுவியவன்தான். ஆனால் அது சின்னப் பிலிம், கண்ணில் வைத்துப் பார்க்கும் கமரா. இது வேறு. கழுத்தில் தொங்கவிட்டால் ஒரு செங்கல் பாரம். கண்ணை வைக்க ஓட்டை கிடையாது. வயிற்றடியில் பிடித்துக்கொண்டு, மேல்மூடியைத் திறந்து, தலையைக் குனிந்து உள்ளே பார்க்க வேண்டும். அங்கே ஒரு மங்கல் கண்ணாடி, அதில் உலகம். நம்பமாட்டீர்கள், எங்கள் வட்டுக்கோட்டை வீட்டு முற்றத்தில் ஐம்பத்தொரு வருடமாக நிற்கும் எனக்கு அந்த முற்றம் இவ்வளவு அழகு என்று தெரியாது. கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல எல்லாம் ஆழமாக, ஈரமாகத் தெரிந்தது. ஆனால் இடம் வலமாகத் தெரியும். ஒழுங்கையில் கிழக்கே போகிற சைக்கிள் கண்ணாடியில் மேற்கே போகும். நான் வலப்பக்கம் திரும்பினால் முற்றமும் வலப்பக்கமே ஓடும். முதல் நாள் தலை சுற்றிவிட்டது.

வெளிச்சத்தை அளக்க அதில் ஒன்றுமில்லை. வெயிலுக்கு இவ்வளவு, மப்புக்கு இவ்வளவு என்று பிலிம் பெட்டியில் அச்சடித்திருப்பதைப் பார்த்துக் கையால் வைக்க வேண்டும். குனிந்து நிற்கிற நேரமெல்லாம் கண்ணாடிக்குப் பக்கத்தில் நம் கைகளே தெரியும். என் இடது மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சின்ன வெள்ளைத் தழும்பு இருக்கிறது, யாராவது கேட்டால் முள்ளுக்கம்பி கிழித்தது என்பேன். அதை அவ்வளவு நேரம் பார்த்தது அந்தக் கிழமையில்தான்.

இன்னொன்று. அழுத்தினால் சத்தமே வராது. நகத்தைச் சுண்டுவதுபோல ஒரு டிக். மனைவி குசினி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், எடுத்தேன். "எப்ப எடுக்கப் போறியள்? என்ரை கண்ணெல்லாம் எரியுது," என்றாள். எடுத்து முடிந்துவிட்டது என்றபோது நம்பவில்லை. படமெடுக்கிறவன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒரு கறுப்புச் சாமானை நம்மை நோக்கி நீட்டினால்தான் நாம் உஷாராவோம். இது அப்படியல்ல, ஒருத்தன் தலையைக் குனிந்துகொண்டு சும்மா நிற்கிறான். யாருக்கும் தெரியாமல் எடுக்கலாம் என்ற அந்த வசதி எனக்குப் பிடித்திருந்தது. இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதல் சுருளை வீட்டிலேயே பழகி முடித்தேன். இரண்டாவதைப் போட்டுக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலை தொண்டைமானாற்றுக்குப் போனேன். பாலத்தடியில் மூன்று, சந்நிதிக் கோவில் வெளிவீதியில் மூன்று. ஆறு படம் முடிந்ததும் கடல்நீரேரிக் கரைப் பக்கம் இறங்கினேன்.

கரையில் இரண்டு பெண்கள் மீன்பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்துகொண்டு வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை நவமணி என்று வைத்துக்கொள்வோம், அது அவருடைய சொந்தப் பெயரல்ல. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். மற்றவர் அவருடைய மச்சாள், வாய்க்காரி.

"தம்பி காணி அளக்க வந்தனியளோ?" என்றார் மச்சாள், கமராவைப் பார்த்து. "போன மாசமும் ரண்டுபேர் உப்பிடித்தான் ஒரு பெட்டியோடை வந்தவை. அளந்து முடிய, இது அரசாங்கத்தின்ரை எண்டு சொல்லிப்போட்டுப் போட்டினம்."

"இல்லையக்கா, இது படமெடுக்கிறது."

"படமோ? பிறகேன் குனிஞ்சு குனிஞ்சு பாக்கிறியள், உள்ளுக்கை சாமியே இருக்குது?"

நானும் சிரித்தேன். அவரை எடுக்கலாமா என்று கேட்டேன். பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தபடி நின்றார், ஆனால் எனக்கு வேண்டியது அவரல்ல. நவமணி இருந்த இடத்தில் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தது. மடியில் வலை, வலைக்குள் இரண்டு கைகளும், நண்டுக் காலை ஒவ்வொன்றாக விடுவிக்கும் விரல்கள். அவர் தலை நிமிரவில்லை.

"என்னை எடுக்காதேங்கோ தம்பி," என்றார். "ஒருக்கா எடுத்ததே போதும்."

என்ன எடுத்தது, யார் எடுத்தது என்று நான் கேட்கவில்லை. ஒரு செய்தியாளன் கேட்காமல் விடக்கூடாத கேள்வி அது. "எடுக்கேல்லையக்கா, பயப்பிடாதேங்கோ," என்றேன். சொல்லிக்கொண்டே குனிந்தேன், கண்ணாடியில் அவரைச் சரி செய்தேன், எட்டடிக்கு லென்ஸை வைத்தேன், அழுத்தினேன். டிக். ஏழாவது படம். அழுத்துகிற கணத்திலும் நான் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இரண்டு கைகளும் வலைக்குள் இருந்தன, இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள். பிறகு பல்லில்லாத மச்சாளை எட்டாவதாக எடுத்தேன், மிச்சம் நாலையும் ஏரியில் செலவழித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று பின்னேரமே குளியலறையில் கழுவினேன். இருட்டுப் பைக்குள் கையை விட்டுப் பிலிமைச் சுற்றி, ஐஸ்கட்டி போட்டு மருந்தைக் குளிர்வித்து, எல்லாம் முறைப்படி. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், காய்ந்தால் பிலிமில் வெள்ளைப் புள்ளி விழும், ஆதலால் கடைசி அலசலுக்குக் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கினேன். உடுப்புக் கிளிப்பில் தொங்கவிட்டு யன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஏழாவதில் ஏதோ பெரிதாக மறைத்துக்கொண்டு நின்றது. சுண்ணாம்புத் திட்டு என்றுதான் முதலில் நினைத்தேன்.

அது ஒரு கை.

பிலிம் காய்ந்தபிறகு போனில் எடுத்துக் கறுப்பு வெள்ளையை மாற்றிப் பார்த்தேன். நவமணி இருந்தார், நான் கண்டபடியே, குனிந்த தலை, மடியில் வலை, வலைக்குள் இரண்டு கைகள், மணிக்கட்டு இரண்டும் வெறுமை, கணவனை இழந்தவர். அவருக்கு முன்னால், படத்தின் கீழ் மூலையில் இருந்து, மூன்றாவதாக ஒரு பெண்ணின் கை எழும்பி உள்ளங்கையை லென்ஸுக்குக் காட்டிக்கொண்டு நின்றது. எடுக்காதே என்று மறிக்கிற கை. மணிக்கட்டில் கண்ணாடிக் காப்பு. எண்ணினேன், ஆறு.

நான் உடனே பயந்துவிடவில்லை. வெட்டுகிறவன் புத்தி, முதலில் பிழை தேடியது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு படம் விழுந்ததா? இந்தக் கமராவில் அது நடக்காது, பிடியைச் சுற்றிப் பிலிமை நகர்த்தாமல் மறுபடி அழுத்தினால் அழுந்தாது, பத்துமுறை செய்து பார்த்தேன். பழைய பிலிமா? பெட்டி ஒட்டுப் பிரியாமல் இருந்தது. மச்சாள் குறுக்கே கை நீட்டினாரா? அவர் எனக்கு வலப்பக்கத்தில் பத்தடி தள்ளி நின்றார், அவர் கையில் ஒரு காப்புத்தான், அதுவும் பித்தளை. அப்படி நீட்டியிருந்தாலும் கண்ணாடியில் நான் கண்டிருப்பேன். நான் பார்த்தது மேல் லென்ஸால், படம் விழுந்தது கீழ் லென்ஸில், உண்மைதான், ஆனால் இரண்டுக்கும் இடையில் இரண்டு விரற்கடை கூட இல்லை. அடுத்தது தூரம். அந்தக் கை தெரிகிற பருமனைப் பார்த்தால் லென்ஸில் இருந்து ஒரு முழம்கூட இராது. எட்டடிக்கு வைத்த லென்ஸில் ஒரு முழத்தில் இருப்பது புகைபோலக் கலங்கித்தான் விழும். இது கைரேகை தெரியும்படி விழுந்திருந்தது.

அந்தக் கையை நான் முன்பு பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது அப்போதுதான். அலுமாரியில் என் படங்கள் வெளிவந்த பத்திரிகைத் துண்டுகளை வைத்திருக்கும் பழைய கோவையை எடுத்தேன், அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. என்னுடைய முதலாவது முன்பக்கப் படம். அலுவலகத்தில் சட்டம் போட்டுக்கூட மாட்டி வைத்திருந்தார்கள்.

அதை எடுத்த நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்டைமானாற்றுக்கு அப்பால் கடற்கரையில் ஒரு வள்ளம் கவிழ்ந்து ஒருவரைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். நான் புது டிஜிற்றல் கமராவோடு ஓடினேன். மணலில் உடல், பக்கத்தில் மனைவி, சேலை விலகிய நிலையில். அவர் என்னைக் கண்டு கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். எடுத்தேன். கடல் எனக்குப் பின்னால் இருந்தது, படத்தில் நான் இல்லை, ஆகவே பார்க்கிறவர்களுக்கு அந்தக் கை கடலை நோக்கி நீட்டியதாகத் தெரியும். அலுவலகத்தில் இருந்து படத்துக்கு விளக்கம் எழுதியவனும் நான்தான். "கணவனைக் கொண்ட கடலைச் சபிக்கும் பெண்." அந்தக் கை எனக்குக் காட்டியது என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். நான் தோட்டம் செய்து பிழைக்கிற வீட்டுப் பிள்ளை, கடலைச் சபித்தல் என்பது எனக்கு ஒரு நல்ல வசனம், அவ்வளவுதான். கடலில் பிழைக்கிற ஊரில் அது என்னவாகும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

பத்திரிகைத் துண்டையும் போனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கை, ஆள்காட்டி விரலின் முதல் கணு கொஞ்சம் வளைந்திருப்பதுகூட அதேதான். ஆனால் பத்திரிகைப் படத்தில் காப்பு ஐந்து. பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன், மனைவியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். "இதிலை அஞ்சு, அதிலை ஆறு," என்றாள். "ஆரின்ரை கையப்பா இது?"

நாலு நாள் கழித்துத்தான் மறுபடி போகத் துணிவு வந்தது. கமராவை வீட்டில் விட்டுவிட்டு, துண்டையும் நெகற்றிவையும் ஒரு கடித உறையில் வைத்துக்கொண்டு போனேன்.

"காணி அளக்கிறவர் வாறார்," என்றார் மச்சாள். "எங்கை இண்டைக்குச் சாமியைக் காணேல்லை?"

நவமணி வலையில் இருந்து கண்ணை எடுக்காமலே, "படம் வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

எந்தப் படம் என்று கேட்க வாய் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். "ஓமக்கா. எடுத்தனான். பொய் சொன்னனான்."

"தெரியும்."

"சத்தம் கேட்டதோ?"

"ஒரு சத்தமும் கேக்கேல்லை. 'எடுக்கேல்லையக்கா, பயப்பிடாதேங்கோ.' அண்டைக்கும் இதைத்தானே சொன்னனீங்கள். அவர் மண்ணிலை கிடக்கேக்கை கேட்ட குரல், எனக்கு மறக்குமே?"

நான் நின்றுகொண்டிருந்தேன். இருக்கும்படி யாரும் சொல்லவில்லை. உறையில் இருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து நீட்டினேன். கை ஈரம் என்பதாலோ என்னவோ அவர் வாங்கவில்லை.

"உதை நான் முதல் பாத்தது கச்சான்கடலை சுத்தின பேப்பர்ச் சரையிலை. சந்நிதித் திருவிழாவிலை இவதான் வாங்கித் தந்தவ. திண்டு முடிச்சுச் சரையை விரிச்சால், நான். எனக்கு வாசிக்கத் தெரியும் தம்பி. நான் எப்ப கடலைச் சபிச்சனான்?"

மச்சாளுக்கு இப்போது பகிடி வரவில்லை. "அதுக்குப் பிறகு இவவின்ரை பொடியனை ஒருத்தரும் வள்ளத்திலை ஏத்தேல்லை. தாய் கடலைத் திட்டினவவாம், அவன் ஏறினால் வலை வெறுமனே வருமாம். மூண்டு வருசம் கரையிலை நிண்டு பாத்தான். பிறகு கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போட்டான். அங்கை கட்டடத்திலை நிக்கிறான், கடல்காரன்."

"அக்கா, அண்டைக்கு நான்…"

"அந்தக் கை உமக்குக் காட்டினது," என்றார் நவமணி. அதுவரை நீங்கள் என்றவர், அதன்பிறகு நீர் என்றுதான் சொன்னார்.

"ஓம். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சோ எழுதினனீர்?"

அதற்கும் ஓம் என்றேன். வேறு என்ன சொல்ல? பிறகு போனில் ஏழாவது படத்தைத் திறந்து காட்டினேன். அவர் எழும்பிப்போய் ஏரித் தண்ணீரில் கை கழுவி, சேலையில் துடைத்துவிட்டு வந்து போனை வாங்கினார். திடுக்கிடுவார் என்று நினைத்தேன், திடுக்கிடவில்லை. தன் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை, நேராக அந்தக் கையைத்தான் பார்த்தார். விரலை வைத்து மெதுவாக எண்ணினார்.

"ஆறும் இருக்கு," என்றார்.

எண்ணிக்கை பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. "பேப்பர்ப் படத்திலை அஞ்சுதான் அக்கா," என்றேன்.

"அதிலை அஞ்சுதான் இருக்கும். அதுக்கு முதலும் ஒருக்காக் கை காட்டினனான். நீர் தட்டிப்போட்டுக் கிட்ட வந்தனீர். அதிலைதான் ஒண்டு உடைஞ்சது. ரண்டாந்தரம் காட்டேக்கை எடுத்ததுதான் உம்மடை படம். உடைஞ்ச காப்பு உம்மடை கையையும் கிழிச்சது, ரத்தம் ஓடினது. நீர் பாக்கேல்லை, நான் பாத்தனான். அவர் அங்கை கிடக்கிறார், நான் உம்மடை ரத்தத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறன், பாருமன்."

கமரா இல்லாமல் போயிருந்தேன், கையை வைத்துக்கொள்ள ஓரிடமும் இருக்கவில்லை. சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொண்டேன். அவர் அதைக் கண்டிருப்பார்.

நெகற்றிவ் அவருடையது, அவரே வைத்திருக்கட்டும் என்று உறையை நீட்டினேன். "எனக்கேன்? நீரே வைச்சிரும். உமக்குத்தானே காட்டினது," என்று சொல்லிவிட்டு மறுபடி வலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். "பேப்பரிலை எழுதினதுக்குப் பேப்பரிலை எழுதும். என்ரை பேரைப் போடாதையும். நான் அதை வெட்டி என்ரை பொடியனுக்கு அனுப்பவேணும்."

எங்கள் பத்திரிகை ஆசிரியர் என்னைவிட வயது குறைந்தவர், மரியாதையான மனிதர். நான் மூன்றாவது கையைப் பற்றி அவரிடம் வாய் திறக்கவில்லை, திருத்தம் ஒன்று போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "இவ்வளவு வருசத்துக்குப் பிறகோ அண்ணை? ஆருக்கு ஞாபகம் இருக்கப் போகுது? நாங்களே எங்களுக்குச் சேறு பூசுறதோ?" என்றார். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதே பதில். அதனால்தான் இப்படியான கதைகளை எப்போதும் வெட்டியவன், இப்படியான கதைகள் வருகிற இன்னொரு பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். கையை நம்புவதும் நம்பாமல் விடுவதும் உங்கள் விருப்பம். கீழே உள்ளதை நம்புங்கள், அது செய்தி.

திருத்தம்: வள்ள விபத்தில் இறந்தவரின் மனைவி என முன்னர் நான் வேலை செய்யும் பத்திரிகையில் வெளியான படத்தில் உள்ளவர் கடலைச் சபிக்கவில்லை. தம்மைப் படமெடுக்க வேண்டாம் எனப் படப்பிடிப்பாளருக்கு இரண்டு முறை கை காட்டினார். படப்பிடிப்பாளரும் விளக்கம் எழுதியவரும் நான்.

மூன்றாவது சுருள் இன்னும் பெட்டியில் இருக்கிறது. கமராவை இடைக்கிடை எடுத்துத் தூசு தட்டி, மூடியைத் திறந்து குனிந்து பார்ப்பேன். கண்ணாடியில் முற்றம் தெரியும், பக்கத்தில் என் மணிக்கட்டு தெரியும். முள்ளுக்கம்பி கிழித்தது என்று இத்தனை வருடமாகச் சொல்லி வந்தேனே, எந்த வேலி, எந்த நாள் என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் வருவதில்லை. சும்மா வாயில் வந்ததைச் சொல்லியிருக்கிறேன். நவமணி சொன்னது நடந்த அன்று இந்தக் கமரா கனடாவில் யாரோ ஒரு கிழவரின் அலுமாரிக்குள் கிடந்திருக்கும், அந்தப் பிலிம் செய்யப்பட்டிருக்கவே மாட்டாது. ஆனாலும் இந்தக் கமராவுக்கு அது தெரிந்திருக்கிறது. அவர் கையைத் தட்டிவிட்டு, இரத்தம் ஓட ஓட அங்கேயே நின்ற எனக்கு இன்றுவரை நினைவு வரவில்லை.